காட்டாமல் விட்ட நான்காவது படம்

கூட்டுறவுக் கடையில் அன்று கடைக்காரி கூட்ருன் சோல்வைக்கு முகம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை சோல்வை உள்ளே வந்தாலே, வாய் திறப்பதற்கு முன் ஒரு ரை தானிய ரொட்டி மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிடும். பதினைந்து வருஷப் பழக்கம். இன்றைக்கு மேஜை வெறுமையாக இருந்தது.

"ரொட்டி இல்லையா, கூட்ருன்?"

"தீர்ந்து போச்சு."

அவள் தோளுக்குப் பின்னால் அலமாரியில் இரண்டு ரொட்டிகள் இருந்தன. சோல்வை அவற்றைப் பார்த்ததை கூட்ருனும் பார்த்தாள்.

"அது பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு. பள்ளிக்கூடம் இருக்கிறவரைக்கும் மதியச் சாப்பாடு கொடுத்துத்தானே ஆகணும்."

"என்ன சொல்ற நீ? எனக்குப் புரியல."

"புரியலையா? நேத்து சாயங்காலம் நகராட்சி இணையப் பக்கத்துல அறிக்கை போட்டாச்சே. சின்னப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு வாசிக்க வராதாம். பெரிய பள்ளிக்கூடம்னா வருமாம். அதனால நம்ம தீவுப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு, பிள்ளைங்களைப் படகுல ஏத்தி அந்தக் கரைக்கு அனுப்பணுமாம்." கூட்ருன் விலைச்சீட்டு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "கடைசிப் பக்கத்துல உன் பேர் இருக்கு. சரிபார்த்தவர், சோல்வை டாம்கேர். நான் ரெண்டு தடவை வாசிச்சேன். ஊருக்குள்ள வேற எவளாவது சோல்வை இருக்காளோன்னு."

கூட்ருனின் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். சோல்வை ஒரு பால் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தீவைச் சூழ்ந்த லிம் நீர்ப்பரப்பின் மீது நவம்பர் காற்று வீசிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவளுக்கு ஒன்றுமட்டும் தெளிவாக நினைவிருந்தது. அந்த அறிக்கையை அவள் இன்னும் படிக்கவே இல்லை.

சோல்வை டாம்கேருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அக்கரையில் இருக்கும் நகராட்சி அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. கணவன் ஏஸ்கில் பால் லாரிகளைப் பழுது பார்ப்பவன். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் அவளுக்கு மெரெத்தே இருந்தாள் என்று ஏஸ்கில் கேலி செய்வான். கேலியாகச் சொன்னாலும் அது உண்மை.

மெரெத்தேயும் அவளும் ஒரே அறையில் எதிரெதிர் மேஜைகளில் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தார்கள். மெரெத்தேயின் விவாகரத்துக் காலத்தில் சோல்வை அவளைத் தன் வீட்டிலேயே ஒரு குளிர்காலம் முழுவதும் வைத்துக்கொண்டாள். சோல்வைக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவள் மெரெத்தே. ஏஸ்கில்லை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, "நீ குறட்டை விடுவ, அவ முழிச்சுக்குவா" என்றாளாம்.

அவர்களுடைய வேலையை இப்படிச் சொல்லலாம். ஒரு காகிதத்தில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பள்ளிக்கூடம், அல்லது ஒரு தெரு, அல்லது ஒரு முதியோர் இல்லம். அந்தப் புள்ளிகளின் ஊடாகக் கம்ப்யூட்டர் ஒரு நேர்கோடு போடும். கோடு மேலே ஏறினால் ஒரு முடிவு, கீழே இறங்கினால் வேறு முடிவு. எந்தக் குப்பையைக் கொட்டினாலும் கம்ப்யூட்டர் கோடு போட்டுவிடும் என்பதுதான் ஆபத்து. அந்தக் கோட்டை நம்பலாமா என்று பார்க்க வேறு படங்கள் வேண்டும். மென்பொருளில் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு எதிரிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். டிக் அடித்தால் படம் வரும், அடிக்காவிட்டால் வராது.

அவர்கள் எப்போதும் பார்ப்பது நான்கு. புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன, அந்த விலகலில் ஏதாவது வளைவு ஒளிந்திருக்கிறதா என்று காட்டும் விலகல் படம். சிறிய விலகல்கள் நிறையவும் பெரியவை கொஞ்சமுமாக ஒழுங்காக விழுகின்றனவா என்று காட்டும் மணிப் படம். புள்ளிகள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் சிதறியும் கிடக்கின்றனவா என்று சொல்லும் பரவல் படம். நான்காவது, இழுப்புப் படம். ஏதோ ஒரே ஒரு புள்ளி தனியாக ஒதுங்கி நின்று மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கிறதா என்பதை அது ஒன்றுதான் நேராகப் போட்டு உடைக்கும்.

கோட்டைப் போட்டவர்களுக்குத் தங்கள் கோட்டின்மேல் பாசம் வந்துவிடும். எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு அழகாக வந்த இரண்டை மட்டும் ரிப்போர்ட்டில் ஒட்டும் ஆசை யாருக்கும் வரும். ஒருமுறை பக்கத்து நகராட்சி ஒன்று அப்படிச் செய்து அசிங்கப்பட்டதைப் பார்த்த பிறகு இருவரும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கோடு போட்டால், எந்தெந்தப் படம் என்று மற்றவள் சொல்ல வேண்டும். அதுவும் கோடு போடுவதற்கு முன்பே, காபி இயந்திரத்தின் முன்னால் நின்று, வாய்விட்டு. பிறகு வந்த படங்களை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

"நீ சமைச்சதை நான்தான் ருசி பார்ப்பேன். நீயே சமைச்சு நீயே நாக்கைச் சப்புக்கொட்டக் கூடாது" என்று மெரெத்தேதான் முதலில் சொன்னாள். மற்ற பிரிவுக்காரர்கள் சிரித்தார்கள். காபி எடுக்க வந்தவர்கள், "அம்மணிகளா, பூஜை முடிஞ்சுதா, நாங்க கப்பை எடுத்துக்கலாமா" என்று கிண்டல் செய்தார்கள். அதை இருவரும் சட்டை செய்யவில்லை.

பள்ளிக்கூட அறிக்கைக்கான வேலை வந்தபோது சோல்வை இயக்குநர் டோர்கில்லிடம் போய், தன்னை விட்டுவிடச் சொன்னாள்.

"என் ஊர்ப் பள்ளிக்கூடமும் அதுல இருக்கு. நான் கை வச்சா நல்லா இருக்காது."

டோர்கில் அன்பாகச் சிரித்தார். "நீங்க கோடு போட வேணாம். மெரெத்தே போடட்டும். நீங்க வழக்கம்போல படத்தை மட்டும் சொல்லுங்க. அதுல என்ன வந்துடப் போகுது?"

அந்த அன்புக்குள் என்ன இருந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. காபி இயந்திரத்தின் முன்னால் நின்று நான்கு படங்களின் பெயரையும் சொன்னாள். மெரெத்தே தலையாட்டினாள்.

அதற்கு அடுத்தது, அக்டோபர் நடுவில், இலையுதிர் கால விடுமுறை வாரம். சோல்வையும் ஏஸ்கில்லும் தீவின் வடக்கு முனையில் தேவதாரு மரங்களுக்கடியில் காளான் பறித்துக்கொண்டிருந்தபோது மெரெத்தேயின் போன் வந்தது.

"சோல்வை, தொந்தரவு பண்றேனா?"

"இல்லடி, காளான்தான். கூடை ரொம்பிடுச்சு, உனக்கும் கொண்டு வரேன்."

"அந்தப் பள்ளிக்கூட விஷயம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு டோர்கில் கழுத்துல கத்தி வைக்கிறார். நாலு படமும் பார்த்தேன். சரியா இருக்கு. உன் பேரைப் போட்டுடட்டுமா?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை சோல்வை. "போடு, போடு. அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறம் அவள் பார்க்கவில்லை. விடுமுறை முடிந்து வந்ததும் முதியோர் இல்லக் கணக்கு மேஜையில் காத்திருந்தது. தவிர, அது தன் ஊர் விஷயம், ஒதுங்கியிருப்பதே மரியாதை என்று நினைத்தாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மெரெத்தே பார்த்தாள் என்றால் தானே பார்த்ததுபோல என்று அவள் மனசு இருபது வருஷமாகப் பழகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சோல்வை அறிக்கையைப் படித்தாள். ஏஸ்கில் எதிரில் உட்கார்ந்து ரொட்டித் துண்டில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டிருந்தான். பின்னிணைப்பு வந்ததும் அவள் விரல் நின்றது. அங்கே இரண்டு படங்கள்தான் இருந்தன. விலகல் படமும் மணிப் படமும்.

"நாலு சொன்னேனே" என்றாள், தனக்குத்தானே.

"இடம் இல்லாம விட்டிருப்பா" என்றான் ஏஸ்கில்.

"இருக்கும்."

ஆனால் அவள் கண் அந்த விலகல் படத்தைவிட்டு நகரவில்லை. வலது பக்கம் பதின்மூன்று புள்ளிகள் கூட்டமாக, சந்தையில் நிற்கும் ஜனம்போல முண்டியடித்துக்கொண்டு நின்றன. இடது ஓரத்தில், வெகு தொலைவில், ஒரே ஒரு புள்ளி. விலகலே இல்லை என்று சொல்லும் நடுக்கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

"இதைப் பாரேன், ஏஸ்கில்."

"ஒரு புள்ளி. நல்ல பிள்ளையா கோட்டுமேல உக்காந்திருக்கு. இதுல என்ன தப்பு?"

"அதான் தப்பு. தனியா நிக்கிற புள்ளிக்குப் பலம் ஜாஸ்தி. அது கோட்டுகிட்ட போகாது, கோட்டைத் தன்கிட்ட இழுத்துக்கும். இழுத்து வச்ச பிறகு பார்த்தா அதுக்கும் கோட்டுக்கும் தூரமே இருக்காது. ஒரு பாவமும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கும்."

"அது யாரு?"

அவள் ஜன்னல் வழியே பள்ளிக்கூடம் இருந்த திசையைப் பார்த்தாள். பெயரைச் சொல்லத் தேவையில்லை. மற்ற பள்ளிகளில் நானூறு, ஐந்நூறு பிள்ளைகள். இருபத்து மூன்று பிள்ளைகள் படிக்கும் பள்ளி இந்த நகராட்சியில் ஒன்றுதான். அந்த வருஷம் வாசிப்புத் தேர்வு எழுதியவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் உக்ரைனிலிருந்து வசந்த காலத்தில் வந்து சேர்ந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். டேனிஷ் மொழியில் "நன்றி"யும் "படகு"ம் மட்டும் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தொப்பியும் கையுறையும் பின்னிக் கொடுத்ததே சோல்வைதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் மெரெத்தேக்காகச் சாக்குத் தேடினாள். அவசரத்தில் மறந்திருப்பாள். ஃபைலை மாற்றி ஒட்டியிருப்பாள். இணையப் பக்கத்தில் ஏற்றியவர்கள் கத்தரித்திருப்பார்கள். போனை மூன்று நான்கு முறை எடுத்து எடுத்து வைத்தாள். கேட்டுவிட்டால் ஏதோ உடைந்துவிடும் என்று பயந்தாள்.

திங்கட்கிழமை முதல் படகில் போய், யாரும் வருமுன் ஃபைலைத் திறந்தாள். நான்காவது கட்டத்தில் டிக் அடித்தாள். படம் வந்தது. அளவுக்கு மீறிய இழுப்பைக் குறிக்கும் எல்லைக் கோட்டுக்கு அப்பால், மூலையில், தன்னந்தனியாக அந்தப் புள்ளி. அதை மட்டும் நீக்கிவிட்டுக் கோட்டைத் திரும்பப் போட்டாள். பள்ளி பெரிதாகப் பெரிதாக மதிப்பெண்ணும் கூடும் என்று மலையேறிக்கொண்டிருந்த கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற வித்தியாசமே அதில் இல்லை. ஐந்து பிள்ளைகள் எழுதிய ஒரு தேர்வு. அதை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள்.

மெரெத்தே மழையில் நனைந்த தலையோடு உள்ளே வந்தாள். வழக்கம்போல நேராகக் காபி இயந்திரத்துக்குப் போனாள். சோல்வை பின்னாலேயே போய் நின்றாள்.

"மெரெத்தே, நாலாவது படம் எங்கே?"

"எந்த நாலாவது?"

"இழுப்புப் படம்."

கப் நிரம்பும்வரை மெரெத்தே திரும்பவில்லை. "பின்னிணைப்பு ஒரு பக்கத்துக்கு மேல வேணாம்னுட்டார் டோர்கில்."

"அன்னைக்குப் போன்ல நாலும் பார்த்தேன்னு சொன்ன."

"பார்த்தேன்."

"சரியா இருக்குன்னும் சொன்ன."

மெரெத்தே இப்போது திரும்பினாள். பொய் சொல்லப் போகிறாள், சொல்லட்டும், நம்பிவிடலாம் என்றுகூட சோல்வை நினைத்தாள். பாவம், அவளுக்கு அந்தப் பொய் அவ்வளவு தேவையாக இருந்தது.

"பார்த்தேன், சோல்வை. பார்த்துட்டுத்தான் டிக்கை எடுத்தேன்."

வராந்தாவில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது.

"ஏண்டி?"

"ஏன்னா? 'ஆனால்'னு ஒரு வார்த்தை இருந்தா அந்த ரிப்போர்ட் டோர்கில்லுக்கு உபயோகமில்ல. அந்தப் பள்ளிக்கூடம் இன்னைக்கு இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல மூடத்தான் போறாங்க. உனக்கும் தெரியும்." மெரெத்தே குரலைத் தாழ்த்தினாள். "ஜனவரியில இருந்து நான்தான் பிரிவுத் தலைவி. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேலைக்குச் சேர்ந்த இருபத்தஞ்சு வருஷ விழா முடியட்டும்னு பார்த்தேன்."

"தலைவியாகிறதுக்கு என் பேர் எதுக்கு?"

மெரெத்தே கப்பில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்ததுமே சோல்வைக்குப் பாதி விளங்கிவிட்டது.

"டோர்கில் சொன்னாரா?"

"தீவுக்காரியே சரிபார்த்திருக்கான்னா தீவுல எவனும் வாய் திறக்க மாட்டான்னார். அது உண்மைதானே?"

"நான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தா?"

"நீ பார்க்க மாட்ட." மெரெத்தேயின் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் கொடுமை. குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல அன்பாகத்தான் சொன்னாள். "நான் சரின்னு சொன்னா நீ பார்க்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

வெளியாள் செய்திருந்தால் சோல்வை கோபப்பட்டிருப்பாள். இது வேறு. தன் நம்பிக்கையையே எடுத்து, பக்குவமாகக் கூர் தீட்டித் தன் நெஞ்சில் இறக்கியிருக்கிறாள். இருபது வருஷமாக மிக அருகில் உட்கார்ந்திருந்தவள். அருகில் இருந்ததாலேயே கை நடுங்காமல் செய்ய முடிந்தவள்.

சோல்வை நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"அறிக்கையைத் திரும்ப எடுங்க, டோர்கில். இல்லன்னா என் பேரையாவது எடுங்க."

"வந்தது வந்துடுச்சு. இப்ப எடுத்தா நகர்மன்றம் என்னன்னு கேக்கும். ஒரு புள்ளி முன்னப் பின்ன, கோடு கோடுதானே? வியாழக்கிழமை உங்க விழா. நிம்மதியா ஒரு கிளாஸ் குடிங்க. அப்புறம் பேசலாம்."

அப்புறம் என்றால் பள்ளியை மூட நகர்மன்றம் வாக்களித்த பிறகு. அது அவளுக்குப் புரியாமல் இல்லை.

வியாழக்கிழமை மதியம் அலுவலகக் கூடத்தில் மேஜைக்கு மேஜை சின்னச் சின்னக் காகிதக் கொடிகள் நின்றன. க்ரிங்கிள் என்ற இனிப்புப் பலகாரம், நுரைக்கும் வெள்ளை ஒயின், நீல மெழுகுவர்த்திகள். சுவர்த் திரையில் சோல்வையின் பழைய போட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அவற்றைத் தேடித் திரட்டியவளும் மெரெத்தேதான். தீவிலிருந்து பத்துப் பேரை அழைத்திருந்தாள் சோல்வை. படகுக்கார யோர்ன் ஒருவன் மட்டும் வந்து, தொப்பியைக் கழற்றாமல் கதவோரம் நின்றான். நகர்மன்றக் கல்விக் குழுவின் தலைவி பூங்கொத்தோடு முன்வரிசையில் இருந்தார்.

டோர்கில் பேசினார். நேர்மை, உழைப்பு, நம்பகம் என்றார். பிறகு வழக்கப்படி பாட்டு. விழா நாயகியைப் பற்றி சக ஊழியர் எழுதிய பாட்டைத் தாளைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். எழுதியவள் மெரெத்தே. ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டாள், மாற்ற நேரமில்லை. எழுபது குரல்கள் சேர்ந்து பாடின.

"கோடு ஒண்ணு போட்டுவந்தா குறுக்கே வந்து நிப்பா,
நாலு படம் காட்டாமப் போனா நம்ப மாட்டா சோல்வை."

எல்லோரும் சிரித்தபடி அவளைப் பார்த்தார்கள். அந்த வரி வந்தபோது மெரெத்தேயின் உதடு மட்டும் அசையவில்லை என்பதை சோல்வை கவனித்தாள்.

கண்ணாடிக் கோப்பைகள் உயர்ந்தன. இனி விழா நாயகி நன்றி சொல்ல வேண்டும். ஏஸ்கில் திரையோரம் போய் மடிக்கணினியின் பக்கத்தில் நின்றான். காலையிலேயே அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். "உனக்கு நிச்சயமாடி?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள் சோல்வை. "பாட்டு நல்லா இருந்துச்சு. ஆனா அதுல ஒரு வரி இப்ப உண்மை இல்ல. பள்ளிக்கூட அறிக்கையில நான் நாலு படம் பார்க்கல. ஒண்ணுகூடப் பார்க்கல. போன்ல ஒருத்தர் சொன்னதைக் கேட்டு, காளான் கூடையோட நின்னுக்கிட்டு, போடுன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. நீங்க பார்க்காத படத்தை இப்ப காட்டுறேன். ஏஸ்கில்."

போட்டோக்கள் மறைந்தன. திரையில் பதின்மூன்று புள்ளிகளும், மூலையில் ஒரு புள்ளியும்.

"இந்த ஒத்தப் புள்ளிதான் மொத்தக் கோட்டையும் இழுக்குது. இதை எடுத்துட்டா அறிக்கையில சொன்ன எதுவும் மிஞ்சாது. இது அஞ்சு பிள்ளைங்க எழுதின ஒரு பரீட்சை. அதுல மூணு பேருக்கு அப்ப மொழியே தெரியாது."

கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. டோர்கில் ஓரடி முன்னால் வந்தார். "சோல்வை, இது அதுக்கான இடமில்ல."

"வேற இடம் கேட்டேன். நீங்க தரல." அவள் கல்விக் குழுத் தலைவியைப் பார்த்தாள். "அந்த அறிக்கையில இருந்து என் பேரை எடுத்துக்கறேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லணும்னு வந்தேன்."

தலைவி பூங்கொத்தை மடியில் கிடத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தப் புள்ளி எந்தப் பள்ளிக்கூடம்னு மறுபடி சொல்லுங்க" என்றார், நிதானமாக. "அப்புறம் இந்தப் படம் ஏன் எங்களுக்கு வரலைன்னும் சொல்லுங்க."

முதல் கேள்விக்கு சோல்வை பதில் சொன்னாள். இரண்டாவதற்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோர் கண்ணும் மெல்ல மெல்ல, தானாகவே, மெரெத்தேயின் பக்கம் திரும்பின. மெரெத்தே பாட்டுத் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து எல்லோரும் சீக்கிரமே கலைந்தார்கள். யார் விழாவானாலும் பாத்திரம் கழுவுவது அந்தந்தப் பிரிவின் பொறுப்பு. பிரிவில் மிஞ்சியது இருவர். சின்னச் சமையலறையில் சோல்வை கழுவ, மெரெத்தே துடைத்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ விழாக்களுக்கு இப்படி நின்றிருக்கிறார்கள். அப்போதெல்லாம் இந்த அறையில் சிரிப்புச் சத்தம் கூடத்துக்குக் கேட்கும்.

"என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாள் மெரெத்தே.

"சொன்னேன். திங்கக்கிழமை."

"அத்தனை பேர் முன்னாடி."

"அத்தனை பேர் முன்னாடிதான் என் பேரையும் போட்ட."

ஒரு கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு மெரெத்தே கேட்டாள். "நான் உன் ஆஸ்பத்திரி நாற்காலியில தூங்கினவ. அது கணக்குல வராதா, சோல்வை?"

சோல்வையின் கண்கள் நிறைந்தன. கையெல்லாம் சோப்பு நுரை, துடைக்கவும் வழியில்லை. "வருது. அதனாலதான் வலிக்குது. நீ யாரோவா இருந்திருந்தா நான் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பேன்."

"என்னை மன்னிச்சுடு."

"மன்னிச்சுடலாம். ஆனா இனிமே நீ 'சரியா இருக்கு'ன்னு சொன்னா நான் எழுந்து வந்து பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வந்து பார்ப்பேன். அப்படி ஒரு சிநேகிதம் உனக்கு வேணுமா?"

மெரெத்தே துணியைப் பிழிந்து கொக்கியில் மாட்டினாள். மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவள் மேஜை மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. ஜனவரியில் அவள் பிரிவுத் தலைவி ஆகவில்லை. அந்தப் பதவி வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. டோர்கில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீவு சோல்வையைத் தோளில் தூக்கிக் கொண்டாடவில்லை. அடுத்த சனிக்கிழமை கூட்ருன் ரை ரொட்டியை மேஜைமேல் வைத்தாள். ஆனால் கையை அதன்மேலிருந்து உடனே எடுக்கவில்லை.

"யோர்ன் சொன்னான். நீ எல்லார் முன்னாடியும் பேசினியாமே."

"பேசினேன்."

"நல்லது. ஆனா சோல்வை, முதல்லயே பார்த்துட்டுப் பேர் போட்டிருந்தா, என் சின்னவ இந்த வாரம் முழுக்க அழாம இருந்திருப்பா."

"ஆமா" என்றாள் சோல்வை. ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை நகர்மன்றம் கூடியது. வீட்டில் ஏஸ்கில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். சோல்வை மடிக்கணினியில் நேரலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பள்ளிகளின் பகுதி வந்தது. அறிக்கையைத் திருப்பி அனுப்புவது, தீவுப் பள்ளியைப் பற்றி இந்த வருஷம் முடிவெடுப்பதில்லை என்று கல்விக் குழுத் தலைவி வாசித்தார். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

ஏஸ்கில் சட்டியை இறக்கிவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டான். அவள் தலையாட்டினாள். மூச்சு முட்டுவதுபோல ஒரு சந்தோஷம். அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியாமல் போனை எடுத்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்தது.

"சொல்லு" என்றது மெரெத்தேயின் குரல்.

நல்ல செய்தி எது வந்தாலும் முதலில் மெரெத்தேயிடம்தான் சொல்வாள். விரல் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

"நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் மெரெத்தே. "பள்ளிக்கூடம் தப்பிச்சுடுச்சு."

மெரெத்தே மூச்சு விடுவது கேட்டது. இவள் ஏதாவது சொல்வாள் என்று மெரெத்தேயும், ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று சோல்வையும் காத்திருந்தார்கள்.

"தெரியாம அழுத்திட்டேன், மெரெத்தே" என்று சொல்லி சோல்வை போனை வைத்தாள். பிறகு ஏஸ்கில் தட்டுகளை எடுத்து வைக்கும்வரை இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.